அம்மா அமரும் மகிழுந்துக்கு ஏற்ற கிளட்ச்

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மகிழுந்தின் கிளட்சுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது அதைப் பற்றித்தான். அதில் நான் கற்றுக்கொண்டதை ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தம்பியிடம் மிட்சுபிசி லான்சர் இவோ 9 வகை மகிழுந்து உள்ளது. ஜப்பானில் 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1,997 சிசி டர்போ இயந்திரம்; நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும். ஆலையிலிருந்து வரும்போதே 280 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பல ஆண்டுகள் பணம் சேர்த்துப் பழைய வண்டியாக வாங்கினான். அதோடு நிற்கவில்லை. டர்போவை மாற்றி 400 குதிரைத்திறனுக்கும் 520 நியூட்டன் மீட்டருக்கும் உயர்த்தினான்.

ஆலையில் பொருத்திய கிளட்ச் அந்த விசையைத் தாங்கவில்லை. நான்காம் கியரில் எண்ணெய் மிதியை முழுதாக அழுத்தினால் இயந்திரத்தின் சுழற்சி மட்டும் ஏறும். வண்டியின் வேகம் ஏறாது. கருகிய வாடையும் வரும். கிளட்ச் வழுக்குவதற்கு இவையே அடையாளங்கள். நண்பர்கள் சொல்கேட்டுச் சந்தையில் கிடைத்தவற்றுள் மிக வலியதை வாங்கிப் பொருத்தினான். ஆறு பீங்கான் துண்டுகள் பதித்த, ஸ்பிரிங் இல்லாத தட்டு. 800 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாம்.

அந்த வண்டியில்தான் எங்கள் அம்மா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்கிறார். எனக்குக் காலையில் பள்ளி. தம்பிக்கு இரவுப் பணி என்பதால் அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவது அவன் பொறுப்பு. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாம் வரை செல்ல வேண்டும். அச்சாலையின் நெரிசலை நான் விளக்கத் தேவையில்லை. நகர்வதும் நிற்பதுமாகவே போக வேண்டும். அந்தப் பீங்கான் கிளட்சோ ஒன்று பிடிக்கும், அல்லது விடும். இடைநிலை என்பதே கிடையாது. ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி குலுங்கிப் பாயும். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து சோர்ந்து வரும் அம்மா, ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கண்களை மூடிக்கொள்வார்.

ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா சொன்னார்: “அடுத்த தடவ நான் கிரேப் புடிச்சு வந்துர்றேன்யா. உனக்கும் தூக்கம் கெடாது.”

அம்மா குறை சொல்லவில்லை. ஆயினும் தம்பி அன்றிரவு உண்ணாமலேயே வேலைக்குச் சென்றான்.

மறுவாரம் இருவரும் ஒரு பட்டறைக்குச் சென்றோம். அதன் உரிமையாளர் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் பயின்றவர். அவர் இருந்தது கடைசி வகுப்பு. கணக்குப் பாடத்தில் வாய்பாடு சொல்லத் தெரியாததற்காக நான் அவரைப் பலமுறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவர் விலைப் பட்டியலை எடுக்கவில்லை. முதலில் கேள்விகளையே கேட்டார்.

“காடியில யாரு உக்காருவாங்க? தினம் எந்த ரோடு? வருசத்துக்கு எத்தன தடவ சிப்பாங் டிராக் போவீங்க?”

“ரெண்டு தடவ” என்றான் தம்பி.

“அப்போ மிச்சம் 363 நாளுக்குத்தாண்ணே கிளட்ச் போடணும்.”

பிறகு கழற்றிய பழைய தட்டு ஒன்றைக் கையில் கொடுத்து விளக்கினார். இயந்திரத்தோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையில் கிளட்ச் தட்டு நெருக்கப்படுகிறது. உராய்வினால்தான் ஆற்றல் கியர் பெட்டிக்குச் செல்கிறது. அதன் தாங்கும் திறனைக் கூட்ட நான்கு வழிகள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

1. அழுத்தத்தைக் கூட்டலாம். மிதி கனக்கும், நெரிசலில் இடது முழங்கால் வலிக்கும். இயந்திரத்தின் கிராங்க் தண்டைத் தாங்கும் பகுதிக்கும் கூடுதல் சுமை.

2. உராய்வு மிகுந்த பொருளைப் பயன்படுத்தலாம். பீங்கான், உலோகத்தூள் கலவை போன்றவை வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் சட்டென்று பிடிக்கும். ஆர்கானிக் எனப்படும் இழைக்கலவை மென்மையாகப் பிடிக்கும். ஆனால் மிகையான வெப்பத்தில் பிடி தளரும்.

3. தட்டின் விட்டத்தைப் பெரிதாக்கலாம். உறைக்குள் இடம் இருக்க வேண்டும்.

4. தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். இரட்டைத் தட்டு கிளட்ச் மிதியைக் கனமாக்காமலேயே அதிக விசையைத் தாங்கும். விலை அதிகம், மிதியை அழுத்தும்போது கடகடவென்று ஒலி எழும்.

தட்டின் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகளையும் காட்டினார். அவை இயந்திரத்தின் அதிர்வை உறிஞ்சுபவை. தம்பியின் தட்டில் அவை இல்லாததால் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேரே கியர் பெட்டிக்கும், அங்கிருந்து அம்மாவின் இருக்கைக்கும் சென்றிருக்கிறது.

நான் எதிர்பாராத பாடம் அடுத்து வந்தது. “கிளட்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது சார். முறுக்கு விசை மட்டுந்தான் தெரியும்” என்று சொல்லி, ஒரு பெட்டி அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டார். 400 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 298 கிலோவாட். அதை 9,549-ஆல் பெருக்கிச் சுழற்சி எண்ணிக்கையால் வகுத்தால் முறுக்கு விசை கிடைக்கும். அந்த 400 குதிரைத்திறன் நிமிடத்திற்கு 7,000 சுழற்சியில் வந்தால் கிளட்ச் தாங்க வேண்டியது 407 நியூட்டன் மீட்டர். அதே 400, 5,000 சுழற்சியிலேயே வந்துவிட்டால் 569. குதிரைத்திறன் ஒன்றுதான், சுமை வேறு. நான் கைப்பேசியில் சரிபார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

தம்பியின் இயந்திரம் 400 குதிரைத்திறனை எட்டுவது 7,000 சுழற்சியில். ஆனால் நடுச் சுழற்சியில் டர்போவின் அழுத்தம் திடீரென ஏறுவதால்தான் 520 வருகிறது. அந்த இடத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் முறுக்கு விசை 450-க்கு இறங்கும்; உச்சக் குதிரைத்திறன் அப்படியே இருக்கும். 450-க்கு மேல் கால் பங்கு இருப்பு வைத்தால் ஏறத்தாழ 560 தாங்கும் கிளட்ச் போதும். அதற்கு முழுவட்ட இழைக்கலவைத் தட்டும், ஸ்பிரிங்குகளும், சற்றே வலுவான அழுத்தத் தட்டும் போதுமானவை. இரட்டைத் தட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் மிச்சம்.

520-ஐ விட்டுக்கொடுப்பது தம்பிக்கு எளிதாக இல்லை. நண்பர்களிடம் பெருமையாகச் சொன்ன எண் அது. சற்று நேரம் வண்டியைச் சுற்றி நடந்தான். பிறகு, “கொறச்சிருங்க” என்றான். எடை குறைந்த ஃப்ளைவீலாவது போடலாமா என்று கேட்டான். அதையும் பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். எடை குறைந்தால் சுழற்சி விரைவில் இறங்கிவிடும். நெரிசலில் புறப்படும்போது இயந்திரம் அடிக்கடி அணைந்துவிடும். பீங்கான் உராய்ந்து கீறிய பழைய ஃப்ளைவீலை எடுத்துவிட்டு, ஆலை எடையிலேயே வேறொன்றைப் பொருத்தினார். கியர் பெட்டியை எப்படியும் இறக்க வேண்டியிருப்பதால் கிளட்ச் விடுவிக்கும் பேரிங்கையும் அப்போதே மாற்றினார். பின்னால் அதற்கென்று தனியாக இறக்கினால் கூலி இரட்டிப்பாகும்.

முதல் 800 கிலோமீட்டருக்குப் புதிய தட்டைப் பழக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். முழு வேகம் கூடாது. நின்று நின்று, மெதுவாகப் புறப்பட்டு ஓட்ட வேண்டும். அப்போதுதான் தட்டின் பரப்பு ஃப்ளைவீலோடு சீராகப் பொருந்தும். அதற்குக் கூட்டரசு நெடுஞ்சாலையைவிடச் சிறந்த இடம் ஏது? அம்மாவின் மருத்துவப் பயணங்களே தட்டைப் பழக்கின.

மூன்றாம் வாரம் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அம்மா வர்ற வழியில தூங்கிட்டாங்கண்ணே” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

பட்டறையில் பணம் கட்டிய அன்றே அந்த முன்னாள் மாணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “உன்ன வகுப்புக்கு வெளிய நிக்க வச்சது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். அங்க நின்னா டீச்சருங்க காடியெல்லாம் தெரியும். எந்தக் காடிக்குக் கிளட்ச் போயிருச்சுன்னு சத்தத்துலயே சொல்லுவேன்” என்று சிரித்தார்.

என்னால் உடன் சிரிக்க இயலவில்லை. வாய்பாட்டை நான் அவரிடம் அந்தப் பீங்கான் தட்டைப் போலத்தான் கொண்டு சென்றிருக்கிறேன்: ஒன்று முழுப்பிடி, அல்லது வெளியே. சற்று வழுக்கவிட்டு, சுழற்சியும் வேகமும் ஒன்றுசேரும் வரை பொறுத்திருக்கவில்லை. அவருக்குக் கணக்கு வரும். அதை அந்தப் பெட்டி அட்டையில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

இவ்வாண்டு என் வகுப்பிலும் வாய்பாடு வராத பிள்ளைகள் மூவர் இருக்கின்றனர். அவர்களை நான் வெளியே நிறுத்துவதில்லை. பழைய கிளட்ச் தட்டு ஒன்றைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். அதிலுள்ள ஆணிகளை எண்ணுவதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.