501ஆவது யூனிட்

2022 அக்டோபரில் லண்டனிலிருந்து நண்பன் ஒருவன் பேசினான். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே விலையில் கரண்டு தருவதாக அவன் போட்டிருந்த ஒப்பந்தம் முடிகிறதாம். முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்தால் நாலு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதற்கு மாறிவிடுவான். உக்ரைன் போருக்குப் பிறகு எங்கே தேடினாலும் விலை ஒன்றுபோலத்தான் ஏறிக் கிடக்கிறது என்றான். "உங்களுக்கு அந்தக் கவலையே இல்லடா. ஒரே ஈபி. ஒப்பிட்டுப் பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டான். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருப்பது தெரிந்தது. கீழ் வீட்டையும் மாடி வீட்டையும்.

எங்கள் வீடு மதுரை விளாங்குடியில். கீழே அப்பாவும் அம்மாவும். மாடிப் போர்ஷனில் 2019 முதல் ஒரு குடும்பம். அக்கா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். இரு வீட்டுக்கும் சேர்த்து ஈபி மீட்டர் ஒன்றுதான். மாடிக்கு அப்பா ஒரு சப் மீட்டர் மாட்டியிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும், டைரியோடு படியேறி சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டை ஏழால் பெருக்குவார். ஏழு ரூபாய்க்கும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைய கட்டணத்தில் ஐந்நூறைத் தாண்டிய யூனிட்டின் விலை 6.60. "கடைசி யூனிட் என்ன வெலையோ அதுக்கு மேல நாப்பது காசு. அம்புட்டுதான்" என்பார்.

2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு வருடம் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறவில்லை. அந்த எட்டு வருடமும் யாரும் கையெழுத்துப் போடாத ஒரு ஒப்பந்தம் மாதிரி ஓடியது. 2022 செப்டம்பர் 10ஆம் தேதி அது முடிந்தது. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய் கட்டியவர்கள் 1,725 கட்ட வேண்டியதாயிற்று. இனி ஒவ்வொரு ஜூலையும் விலைவாசியை ஒட்டிக் கட்டணத்தைத் திருத்தலாம் என்றும் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் இருந்தது.

அந்த டிசம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா புதுக் கட்டண விவரம் வந்த பேப்பரை மடித்து வைத்திருந்தார். மாடி வீட்டு அக்காவின் பதினோரு மாத அக்ரிமெண்ட் ஜனவரியில் முடிகிறது. "ஐநூறுக்கு மேல எட்டு ரூவா ஆக்கிட்டான். நாம ஒம்போது வாங்கணும். நீதான் கம்ப்யூட்டர்காரன்ல, கணக்குப் போட்டுக் குடு" என்றார்.

போட்டேன். அந்த பில்லில் கீழே 410 யூனிட், மாடியில் 150, மொத்தம் 560.

வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. ஆனால் 2022இன் அந்தப் புதுக் கட்டணத்தில் ஐந்நூறாவது படியில் ஒரு சூழ்ச்சி இருந்தது. 500 வரை பயன்படுத்தினால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு பாதி விலையில் 2.25, பிறகு 400 வரை 4.50, கடைசி நூறு 6 ரூபாய் என்று இருந்தது. ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 போட்டு மறுபடி எண்ணுவார்கள். 500க்கு 1,725 என்றால் 501க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பழைய கட்டணத்தில் இது இன்னும் மோசம். 1,130லிருந்து 1,786.60க்கு ஒரே தாவல். மே மாதம் ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் மதுரைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

எங்கள் 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். அக்கா ஏழு ரூபாய்க் கணக்கில் 1,050 கொடுத்தால் அப்பா கையிலிருந்து 1,380. ஒன்பதாக்கினால் அக்கா 1,350, அப்பா 1,080. கேட்ட வேலை முடிந்துவிட்டது. லேப்டாப்பை மூடியிருக்கலாம்.

பழக்கதோஷம், ஷீட்டில் இன்னொரு பத்தியைச் சேர்த்தேன். மாடிக்குத் தனி இணைப்பு இருந்தால்? கீழே 410 யூனிட்டுக்கு 1,185. மாடியின் 150 யூனிட்டில் நூறு இலவசம், மிச்சம் ஐம்பதுக்கு 112 ரூபாய் ஐம்பது காசு.

திரும்பவும் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. 112 ரூபாய்க்கான கரண்டுக்கு அக்கா 1,050 கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் எங்களுக்கு லாபம்கூட இல்லை. தனி மீட்டர் இருந்தால் அப்பாவுக்கும் 195 ரூபாய் மிச்சம். இரண்டு வீட்டு யூனிட்டும் ஒரே மீட்டரில் கூடி ஐந்நூறைத் தாண்டுவதால் இரண்டு பேரும் தோற்றுக்கொண்டிருந்தோம். ஆனால் ஒன்பது ரூபாய் என்று வைத்தால் கணக்கு திரும்பிவிடும். தனி மீட்டரைவிட அப்பாவுக்கு 105 ரூபாய் லாபம். அந்த 105க்காக அக்கா 1,237 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

நூறு யூனிட் இலவசம் 2016 மே மாதம் வந்தது. அது ஆளுக்கோ குடும்பத்துக்கோ கொடுத்தது இல்லை, இணைப்புக்குக் கொடுத்தது. ஒரே வளாகத்தில் நாலு குடும்பம் இருந்து மீட்டர் ஒன்றாக இருந்தால் இலவசமும் ஒன்றுதான். சப் மீட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் அரசின் கணக்கில் இல்லாதவர்கள். அரசு மாடி வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கக்கூடிய ஒன்று எங்கள் வாசலில் நின்றுவிட்டது. அது மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்.

அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"அந்த நூறு யூனிட்டு நம்ம வீட்டுக்குத்தான குடுத்தாங்க?"

"மேல இருக்கிறதும் வீடுதானப்பா."

"தனி மீட்டர் வாங்கணும்னா மாடிக்கு வரி போடணும். இப்பத்தான் ஏப்ரல்ல வரிய ஏத்தி வச்சிருக்கான். அதுபோக, ரெண்டு கனெக்‌ஷனயும் ஒரே ஆதார்ல சேத்தா ஒண்ணுக்கு எலவசத்த நிறுத்திருவாங்கன்றாய்ங்க."

அது இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொல்லி ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரம். இலவசம் நிற்காது என்று அமைச்சரே சொல்லியிருந்தார். ஆனாலும் அப்பாவின் உண்மையான பயம் வேறு. கொஞ்சம் கழித்து அதையும் சொன்னார்: "கரண்டு பில்லு, வரி ரசீதுன்னு மாடிக்குத் தனியாப் பேப்பர் வந்துருச்சுன்னா நாளைக்கு அவங்க கெளம்பலைன்னா என்னடா பண்றது?" பில் உங்கள் பெயரில்தானே வரும் என்றேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டிய வீடு. அந்தப் பயத்தை ஷீட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது?

நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுத்து மூன்று வருடம் இருந்தேன். ஓனரைத் திட்டாத மாதம் கிடையாது. அதே மூன்று வருடமும் லீவுக்கு ஊருக்கு வந்து, அப்பா டைரியோடு படியேறுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் மாடிக்குப் போனேன். டிசம்பரிலும் அங்கே அனல். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருப்பதால் வெயிலை முழுக்க அந்த வீடு வாங்கிக்கொள்கிறது. அதன் நிழலில் எங்கள் கீழ் வீடு குளுகுளுவென்று இருக்கிறது. பிள்ளைகள் இருந்த அறையில் மட்டும் ஃபேன் ஓடியது. அக்கா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே "கரண்டு ஏறிருச்சாமே தம்பி, ஐயா எம்புட்டு சொல்லப்போறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் 4.34. "நாலரை வாங்கிக்கிர்றேன்" என்றார். அக்காவின் 1,050 ரூபாய் 675 ஆனது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜனவரியில் புது அக்ரிமெண்ட் போட்டபோது வாடகையில் 500 ரூபாய் ஏறியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ஏறி 375 குறைந்திருக்கிறது. "வரியும் ஏறிருக்குல்ல" என்றார் அப்பா. அதுவும் பொய் இல்லை.

அதன் பிறகு நான் ஷீட்டை அனுப்பவில்லை. பேசிப் பேசியே ஒன்றரை வருடம் போனது. 2024 கோடையில் அம்மாதான் முடித்துவைத்தார். "அந்தப் புள்ள அஞ்சு வருசமா ஒருநா வாடகை பிந்தினதில்ல. அவளா உங்க வீட்டத் தூக்கிட்டுப் போகப்போறா?" மாடிக்கு வரி போட்டோம். அதற்கான செலவையும் புது இணைப்புக்கான பணத்தையும் நான் கட்டினேன். தாமதமாகக் கொடுத்த பாக்கி என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறி 2.25 என்பது 2.35 ஆகியிருந்தது.

புது மீட்டருக்கு முதல் ரீடிங் எடுத்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். 138 யூனிட், 89 ரூபாய். அக்கா செல்போனில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பாக வந்திருக்கிறது என்று கீழே இறங்கி வந்தார். "சரியாத்தாம்மா வந்திருக்கு" என்றார் அப்பா. அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும்?"

அப்பா டைரியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நான் செருப்பைத் தேடுவதுபோல வாசலுக்குப் போனேன்.