அச்சும் ஆஃப்செட்டும்

ஆஃப்செட் என்றதும் நம் போன்றோருக்கு நினைவில் எழுவது அச்சகம்தான். காரின் சக்கரத்துக்கும் அப்பெயரில் ஓர் அளவு உண்டு. தமிழிலும் 'அச்சு' நூலுக்கும் வண்டிக்கும் பொதுவான சொல்லாயிற்றே!

நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தை மேலிருந்து பார்ப்பதாகக் கொள்ளுங்கள். அதன் அகலத்தின் சரிபாதியில் ஒரு கோடு. குடத்தோடு சக்கரம் பொருந்தும் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகியுள்ளதோ, அதுவே ஆஃப்செட். முகம் வெளிப்புறம் தள்ளியிருந்தால் நேர் எண். உட்புறமெனில் எதிர் எண். இக்காலச் சிறிய கார்களில் பெரும்பாலும் நேர் எண்தான். பொதுவாக ஆரக்காலின் பின்புறம் 'ஈ.டி. 45' என்பதுபோல் பொறித்திருப்பார்கள்.

அடையாற்றில் வசிக்கும் என் மைத்துனர் மகன் தன் காருக்குப் புதிய அலாய் சக்கரங்கள் மாட்டினான். பழையவை 6 அங்குல அகலம், ஈ.டி. 45, புதியவை 7 அங்குலம், ஈ.டி. 20. கடைக்காரர் பளபளப்பைப் பற்றிப் பேசினாரேயன்றி இவ்வெண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. கணக்கிட்டால் வெளிவிளிம்பு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. ஐவர் ஏறி தி.நகருக்குப் போனால் வேகத்தடைதோறும் டயர் மட்கார்டில் உரசியது. மழைக்காலப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. பின்னிருக்கையில் அவன் பாட்டி, கண்களை இறுக மூடியபடி.

மந்தைவெளியில் ஒரு முதிய மெக்கானிக் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "தம்பி, வெயிட்டு கூடல. வெயிட்டு நிக்கிற இடம் மாறிப்போச்சு" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைப் பேசுகிறார். அங்கே சிக்கல் பாரத்தின் மிகுதி. இங்கோ ஓர் இறகும் கூடவில்லை. சக்கரத்தின் நடுக்கோடு 25 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்ததால், அதே பாரம் நீண்ட நெம்புகோலாகிப் பேரிங்கை முறுக்குகிறது. சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையை மிதிக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு மாறுவதால், சாலையின் ஒவ்வொரு குத்தும் ஸ்டியரிங்குக்கு ஏறுகிறது. எண்ணை அளவுமீறிக் கூட்டினாலும் தொல்லைதான். சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனை இடிக்கும்.

அவனுக்கு அழகும் வேண்டும், பாட்டியும் வேண்டும். பேரிங் இரைச்சலிடத் தொடங்குமுன் சக்கரங்களை மாற்றினான். இம்முறை ஆறரை அங்குலம், ஈ.டி. 40. வெளியே 11 மில்லிமீட்டர். உள்ளே ஒன்றுக்குச் சற்று மேல். வாங்குமுன் கடை வாசலிலேயே சக்கரத்தைப் புரட்டி எண்ணைப் படித்தானாம்.