போட்டோ கேட்காத பார்சல்

எங்கட பங்கு இளைஞர் மன்றம் வருசத்துக்கு ரெண்டு தரம் பாகிஸ்தானுக்கு ஒரு பார்சல் அனுப்பும். எங்கட ஊரில் பிறந்து வளர்ந்த ஃபாதர் ஒருவர் அங்கே பணி செய்கிறார். இலங்கை அமலமரித் தியாகிகள் பாகிஸ்தானில் பணி தொடங்கியது 1971இல். மிஷனறி எண்டால் வெள்ளைக்காரர் எண்டே நினைச்சு வளர்ந்த எங்களுக்கு, எங்கட ஒழுங்கையால சைக்கிள் ஓடினவரும் மிஷனறிதான் எண்டது இப்பவும் புதினம்தான்.

பார்சலில் போறது பெரிய சாமான் இல்லை. யாழ்ப்பாணத்துத் தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், பருத்தித்துறை வடை. தபால் கந்தோரில் சுங்கப் படிவத்தில் ஒவ்வொன்றின் எடையும் பெறுமதியும் எழுத வேணும். ஒடியல் மாவை இங்கிலிசில் என்னெண்டு எழுதிறது எண்டு கவுண்டரில் இருக்கிறவரும் எங்களோட சேர்ந்து யோசிப்பார். சாமானை விட தபால் செலவு கூட. "அந்தக் காசையே அனுப்பலாமே" எண்டு வீட்டில் கேட்பினம். அனுப்பலாம். ஆனா வீட்டில் இடிச்ச தூளின்ர மணம் வங்கியால போகாது.

போனமுறை ஒரு யோசனை வந்தது. அங்கத்தைய பிள்ளையளுக்குப் பென்சிலும் கொப்பியும் சேர்த்து அனுப்புவம். மன்றத்தின் பெயர் போட்ட பதாகையைப் பிள்ளையள் பிடிச்சபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவம். காசு தந்தவை பார்த்தால் அடுத்தமுறை இன்னும் தருவினம். கெட்ட நோக்கம் ஒண்டும் இல்லை. பாதிப்பேர் ஓம் எண்டிட்டினம்.

வரலாறு படிக்கிற எங்களில் சிலருக்கு அமெரிக்க மிஷன் ஞாபகம் வந்தது. அது எங்கட சபை இல்லை, ஆனா எங்கட மண். 1815 ஒக்டோபரில் அமெரிக்காவில் கப்பலேறிய மிஷனறிகள் கொழும்புக்கு வந்து சேர்ந்தது 1816 மார்ச்சில். பிறகு அவர்கள் யாழ்ப்பாணத்தில் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு அங்கிருந்து உதவி வந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். வீட்டில் தாய் ஒரு பெயரால் கூப்பிட, பள்ளிக்கூடம் வேறு பெயரால் கூப்பிட்டது. பெயர் வைத்தவர் அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை.

அந்தப் படிப்பைக் குறைத்துச் சொல்ல ஏலாது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டை செமினறியில் படித்தவர்கள். உதவி உண்மை. அதுக்குப் பதிலாக் கேட்ட பெயரும் உண்மை. பதாகை பிடிச்ச போட்டோ அந்தப் பெயரின்ர தம்பி எண்டுதான் எங்களுக்குப் பட்டது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2009க்குப் பிறகு நிவாரணப் பை வாங்கி, கமராவுக்கு முன்னால நிண்டவை எங்களுக்குள்ளயே இருக்கினம். பைக்குள்ள என்ன இருந்தது எண்டு அவைக்கு ஞாபகமில்லை. சிரிக்கச் சொன்னது ஞாபகமிருக்கு.

"அப்ப காசு தந்தவைக்கு என்னத்தைக் காட்டிறது?" எண்ட கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். தபால் பற்றுச்சீட்டையும் செலவுக் கணக்கையும் கோயில் அறிவித்தல் பலகையில் போடுவம் எண்டு முடிவெடுத்தம். பென்சில் போகும், பதாகை போகாது.

ஆறு கிழமைக்குப் பிறகு ஃபாதரின் வாட்ஸ்அப் வந்தது. பென்சில் பற்றி ஒரே சொல்: "குடுத்திட்டன்." மிச்சமெல்லாம் தூள் போத்தலைச் சுத்தியிருந்த பழைய பேப்பரைப் பற்றி. "அந்தக் கதை பாதியில கிழிஞ்சு கிடக்கு பிள்ளையள், மற்றப் பாதி இருக்கோ?"

இந்தமுறை சேர்ந்த காசு கொஞ்சம் குறைவுதான். வடையைக் குறைத்திருக்கிறம். போத்தல்களை ஞாயிறு மலரின் முழுப் பக்கங்களாலேயே சுத்தியிருக்கிறம்.