பள்ளிச் சீருடை அணிந்த பாவை



விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பொம்மலாட்டம் ஆயத்தப்படுத்தும் நம் வாலிபர்களுக்குப் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் காட்டினேன். 'கல்லி கல்லி சிம் சிம்' என்பது அதன் பெயர். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' தொடரின் இந்திய வடிவமாக, 2006 ஆகஸ்டு மாதம் இந்தியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பாவைகளும் மனிதர்களும் ஒரே தெருவில் வாழ்வார்கள். இடையிடையே எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் அனிமேஷன் படங்கள் வரும்.

அதில் பூம்பா என்றொரு சிங்கம் உண்டு. காய்கறி மட்டுமே தின்னும். வாலிபர்கள் அதைப்போல ஒன்றைச் செய்யவே ஆசைப்பட்டார்கள். செய்யட்டும், பிள்ளைகள் சிரிக்கவும் வேண்டுமே. நான் காட்ட விரும்பியது சம்கியை.

சம்கிக்கு ஐந்து வயது. பள்ளிச் சீருடையோடுதான் தோன்றுவாள். ஓயாமல் கேள்வி கேட்பாள். பெண்பிள்ளை படிக்கவேண்டும் என்று அங்கே எவரும் பிரசங்கம் செய்வதில்லை. அந்தச் சீருடையே அதைச் சொல்லிவிடுகிறது. எங்களுடைய நீண்ட செய்திகளைவிடத் தெளிவாகவே சொல்லுகிறது. தொலைக்காட்சி எட்டாத நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கோ, காய்கறித் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

நம் பள்ளத்தாக்கிலும் விடியுமுன் வண்டிகள் வருகின்றன. கம்பத்திலும் போடியிலும் தாய்மார்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகள் அவை. அம்மா போனபின் தொட்டிலில் அழும் தம்பியைத் தூக்குகிறவள் யார்? அக்காள்தான். அவளுடைய சீருடை ஆணியில் தொங்குகிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் நம் தேனியும் ஒன்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணாய்ப் பிறந்தவள் உயிர் பிழைக்கவே திட்டம் தேவைப்பட்ட மண் இது. பிழைத்தவள் பள்ளிக்கும் போகவேண்டாமா?

யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நம் தெருக்களில் பெண்பிள்ளைகள் படிப்பை விடுகிற வயதும் ஏறத்தாழ அதுவே. ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பியதை எல்லாரும் அறிவோம். அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னதையோ வாசித்துவிட்டு விரைந்து கடந்துபோகிறோம். மாற்கு 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை இவ்வாரம் நிதானமாக வாசியுங்கள். எழுந்த பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை. அற்புதம் அவருடையது, அடுப்படி வேலை வீட்டாருடையது.

ஜீப் புறப்படுவதற்கும் அங்கன்வாடி திறப்பதற்கும் இடையே உள்ள சில மணி நேரந்தான் அந்த அக்காளைப் பள்ளிக்குப் போகவிடாமல் வீட்டில் நிறுத்துகிறது. ஆகையால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள்முதல், ஆலயத்தின் பக்க அறை காலை ஐந்தரை மணிக்கே திறந்திருக்கும். எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கமாட்டோம். இரண்டு தொட்டில்களும் பாலும் இட்லியும் ஏற்பாடாகிவிட்டன. பிள்ளைகளைக் கவனித்து, நேரமானதும் அங்கன்வாடியில் கொண்டுபோய் விட ஆட்கள்தான் வேண்டும். அதிகாலையில் எப்படியும் விழித்திருக்கும் பாட்டிமார்களே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள்.