சோளக்காட்டுச் சந்தையில் ஒரு வாக்குவாதம்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் தினைக்கொல்லையைத் தேடினால், கண்ணுக்கு எட்டிய சரிவெல்லாம் மரவள்ளிதான். செம்மேட்டில் இறங்கும்போதே எனக்குக் கோபம். ராசிபுரம் பக்கம் வளர்ந்த எனக்கு மரவள்ளி என்றாலே சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம்தான் நினைவுக்கு வரும். மலைமேலும் அதுவேயா?

சோளக்காட்டுச் சந்தையில் ஓர் அம்மா அன்னாசியைக் குவித்து வைத்திருந்தார். மலையாளிப் பழங்குடி, கேரளத்துக்காரர்கள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்கிறவர்கள். சாமை கிடைக்குமா என்று கேட்டேன்.

"அன்னாசி வாங்கிக்க தம்பி, தேனாட்டம் இருக்கும்."

"நீங்க சாப்பிடறதுதான் வேணும்மா."

"அப்ப உக்காரு" என்று தூக்குப்போசியைத் திறந்தார். அவித்த மரவள்ளிக் கிழங்கு. காய்ந்த மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த துவையல். கிழங்கைப் பிளந்து, நடு நரம்பை நகத்தால் உருவிப் போட்டுவிட்டுக் கையில் வைத்தார். மாவாக உதிர்ந்தது. ருசி என்னை அசத்திவிட்டது.

கிழங்கு, மிளகாய், அன்னாசி மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். அமேசான் பழங்குடிகள் நச்சை நீக்கித் தின்னப் பழகிய கிழங்கு இது. போர்த்துகீசியரின் அடிமைக் கப்பல்களில் தீனியாக மரவள்ளி மாவு போனது. அந்தக் கொடுமையின் கடல்வழிகளில்தான் இந்தப் பயிர்களும் உலகம் சுற்றின. 1880-களில் திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளியைப் பரப்பினார். 1943-இல், போர்க்காலத்தில், சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. மலைச்சரிவில் சாமை இருந்த இடத்தை மரவள்ளி பிடித்தது அந்த ஆலைகளின் பசிக்காகத்தான்.

"கிழங்குக்காக சாமையை விட்டுடறதா?" என்று விடாமல் கேட்டேன். அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நீ ஒரு நாளாவது உரல்ல போட்டுக் குத்தியிருக்கியா? விடியறதுக்கு முன்ன எந்திரிச்சுக் குத்தி, பொடைச்சு, திரும்பக் குத்தினாத்தான் ஒரு வேளைச் சோறு. தோளு ரெண்டும் போச்சு. கெழங்கு வித்த காசுலதான் எம் பொண்ணு காலேசுக்குப் போறா."

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலை ஊர்களில் சிறுதானியத்துக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததன் அருமை அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பாரம்பரிய உணவைப் புகழும் நம் மேடைப் பேச்சுகளில் இந்தத் தோள்வலி வருவதே இல்லை. வர வேண்டும்.

கோபம் தணிந்ததும், மேட்டுக்காட்டில் கொஞ்சம் சாமை விதைத்திருப்பதாக அவரே சொன்னார். சொன்ன விலைக்கு ஒரு படி வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"அது வெதைக்கும் நோம்பிக்கும். விக்கறதுக்கில்ல. அன்னாசி ரெண்டு எடுத்துக்க."