கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்

இந்த மலரில் கவிதை எழுத ஆள் இருக்கிறது, ரோபோ பற்றி எழுத ஆள் இருக்கிறது. எனக்குக் கிடைத்த இரண்டு பக்கத்தில் நம் காலேஜ் ஃபுட்பால் டீமைப் பற்றி எழுதப்போகிறேன். நான் டீமில் இல்லை. மூன்று வருஷமாக கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வெளியே போகிற பந்தை முள்ளுச்செடிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆசாமி. அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

'நீ எந்த டீம்டா?' என்று கேட்டால் நம் பசங்க ரியல் மாட்ரிட் என்பார்கள், பார்சிலோனா என்பார்கள். 'நம்ம காலேஜ் டீம்' என்று நான் சொன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள்! அமெரிக்காவில் போய் இப்படிச் சிரிக்க முடியாது. அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1927-இல் திறந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து காலேஜ் மேட்ச் பார்க்கிறார்கள். (அவர்கள் ஆடுவது வேறு ஆட்டம். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர்! போகட்டும்.) நம் மேட்சுக்கு வந்த கூட்டத்தை நான் ஒருமுறை எண்ணினேன். 31 பேர். அதில் 4 பேர் எதிர் டீமின் சப்ஸ்டிட்யூட்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. 1993-இல் நேரு ஸ்டேடியம் புத்தம் புதுசாக இருந்தபோது நேரு கோப்பை சென்னையில் நடந்ததே, அதற்கு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போனவர் அவர். கோப்பையை ஜெயித்தது வட கொரியா. அந்தக் கதையை இன்றைக்கும் சாப்பிடும்போது சொல்வார்.

எனக்கு ஞாபகம் தெரிந்து முதல் மேட்ச் 2015. டிசம்பர் 1-ஆம் தேதி மழையை செம்பாக்கத்துக்காரன் யாரும் மறக்க மாட்டான். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்! நான் அப்போது சின்னப் பையன். வீட்டு வாசல்படி வரை தண்ணீர். ஐ.எஸ்.எல். செமிஃபைனலின் முதல் ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில் நடந்திருக்க வேண்டியது; வெள்ளத்தால் புனேவுக்குப் போய்விட்டது. சீசன் பாதியில் கடைசி இடத்தில் கிடந்த சென்னையின் எஃப்.சி., சொந்த ஊர் மேட்சை ஊரான் கிரவுண்டில் ஆடி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. டிசம்பர் 20 ஃபைனல், கோவாவில். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்த, அப்பா டி.வி.யை அணைக்க எழுந்துவிட்டார். ரிமோட் எங்கே என்று தேடுவதற்குள் கோவா கோல்கீப்பர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். அடுத்து மென்டோசா ஒரு கோல். 3-2! பாதி காய்ந்தும் காயாத பாய்மேல் அப்பாவும் நானும் குதித்தோம். அம்மா, "இன்னும் வீடே கழுவி முடியலை, உங்களுக்கு என்ன கும்மாளம்?" என்று கேட்டார்.

அப்படி வளர்ந்த நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். நம் ஊருக்கு அந்தப் பக்கம் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு ஹாலுக்கும் தனித்தனிப் பாசம், தனித்தனிப் பகை. தாத்தா இருந்த ஹாலில் பேரனும் இருப்பான். நமக்கு எது? டிப்ளமோ மூன்றே வருஷம். பிளஸ் டூ முடித்து வந்தவனுக்கு இரண்டு. ஒருவன் பாஸ் கொடுக்கப் பழகுவதற்குள் கான்வகேஷன் வந்துவிடும். போகிறவனில் பாதிப்பேர் கம்பெனிக்கு, பாதிப்பேர் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்துக்கு.

எங்கள் தெரு அண்ணன் அப்படித்தான் போனார். நம் டீமின் ஒன்பதாம் நம்பர். என்னை இந்தக் காலேஜில் சேரச் சொன்னவரே அவர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பாக்கம் ஏரிப் பக்கம் காலி மனையில் அவர் பெனால்டி அடிப்பார், நான் பந்து பொறுக்குவேன். போன வருஷம் பக்கத்து எஞ்சினியரிங் காலேஜில் சீட் கிடைத்தது. இந்த வருஷம் அந்தக் காலேஜ் நடத்திய நாக்-அவுட்டில் முதல் ரவுண்டே அவர்களும் நாமும்!

அன்று காலை அண்ணனின் வண்டியில்தான் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் நீல ஜெர்சி, நான் நம் காலேஜ் சட்டை. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, "இன்னைக்கு யாருக்குடா கத்துவ?" என்றார். "காலேஜுக்குத்தாண்ணே" என்றேன். "சரி சரி" என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

முதல் பாதி 0-0. நம் பசங்க பிரமாதமாக ஆடினார்கள், உயிரைக் கொடுத்து. இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்தில் நம் டிஃபென்டர் கையில் பந்து பட்டு பெனால்டி. அடிக்க வந்தவர் அண்ணன். கோலின் அகலம் 7.32 மீட்டர், பந்து இருப்பது 11 மீட்டர் தள்ளி. பந்து கிளம்பினபிறகு பார்த்துத் தாவினால் லேட். அடிப்பதற்கு முன்பே கோலி ஒரு பக்கத்தை முடிவு செய்தாக வேண்டும். நம் கோலி, இரண்டாம் வருஷம் ட்ரிபிள்-இ பையன், திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் தெரு கதை அவனுக்குத் தெரியும்.

அண்ணன் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் பந்து பொறுக்கியவனுக்குத் தெரியாதா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை இட்லி அவர் வீட்டில்! தொண்டை காய்ந்தது. ரெஃப்ரீ விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"லெஃப்ட்டுடா" என்றேன்.

பையன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து விரலில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போயிற்று. நம் 31 பேரும் போட்ட சத்தத்தில் கிரவுண்டு ஓரத்து நாய்கள் எழுந்து ஓடின. அண்ணன் கோலியைப் பார்க்கவில்லை, வலைக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். பந்தை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை எனக்கு.

கடைசி ஐந்து நிமிஷத்தில் அதே அண்ணன் கார்னரில் தலையால் முட்டி ஒரு கோல். 0-1. வெளியேறினோம். நம் கோலி தரையில் உட்கார்ந்து அழுதான். அவனைத் தூக்கி விட்டதும் அண்ணன்தான்.

திரும்பி வரும்போது ராஜகீழ்ப்பாக்கம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"நீதானே சொன்ன?"

"ஆமாண்ணே."

இரண்டு டீ சொன்னார். குடித்து முடித்துக் காசு கொடுக்கும்போது, "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு, ரைட்ல அடிச்சுப் பழகணும்" என்றார்.