விதைநெல்லா, விளைந்த நெல்லா?

"இருக்கிறதை விட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதே" என்கிறது ஒரு பழமொழி. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்கிறது இன்னொன்று. இரண்டையும் சொன்னவர்கள் நம் பெரியவர்கள்தான். முதலாவதைக் கேட்டால் கையில் இருக்கிற ஆளை விடக்கூடாது. இரண்டாவதைக் கேட்டால் முளையைப் பார்த்துத் துணிந்து வாங்கலாம். நாம் எதைக் கேட்பது?

2025 நவம்பரிலும் டிசம்பரிலும் நம் கேண்டீனில் டீயைவிடச் சூடாக இருந்த விஷயம் இதுதான் நண்பர்களே! நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பை தந்த ஜடேஜாவையா என்று பாதிப் பேர் சாப்பிடவில்லை. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அது இல்லை. அதே நேரத்தில் பதிரணாவை விடுவித்தார்களே, அதுதான்.

மதீஷ பதிரணா இலங்கை கண்டிக்காரர். 2022இல் ஆடம் மில்னேவுக்கு மாற்றாக ரூ. 20 லட்சத்துக்கு வந்த பையன். 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட். 2024இல் ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட், பிறகு காயம், பாதியில் ஊருக்குப் போனார். 2025க்கு ரூ. 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த வருஷமும் 13 விக்கெட்தான், ஆனால் ஓவருக்கு 10 ரன்னுக்கு மேல் கொடுத்தார். விடுவித்தபோது அவருக்கு வயது 22. டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை ரூ. 18 கோடிக்கு எடுத்தது.

அதே ஏலத்தில் சென்னை என்ன செய்தது? இந்திய அணிக்கே ஆடாத இரண்டு பேரை, உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர் (வயது 20), ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா (வயது 19), ஆளுக்கு ரூ. 14.20 கோடி கொடுத்து வாங்கியது. இருவருக்கும் அடிப்படை விலை ரூ. 30 லட்சம்! கையில் இருந்த ரூ. 43.40 கோடியில் ரூ. 28.40 கோடி இந்த இரண்டு பேருக்கே போய்விட்டது. அதாவது பாதி விளைந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை விட்டுவிட்டு, விதைநெல் இரண்டு மூட்டை.

இது சரியா? அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே இந்த வியாபாரம் ரொம்பப் பழசு. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி ஜெயித்தே ஆகவேண்டிய நிலை. அனுபவசாலியான டாயில் அலெக்சாண்டர் என்ற பந்து எறிபவரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். வந்தவர் அந்த சீசனில் 9 ஆட்டம் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. போன பையன்? 213 வெற்றிகள், 154 ஆட்டங்களைக் கடைசியில் காப்பாற்றிக் கொடுத்தது, 2015இல் புகழ் மண்டபத்தில் இடம். டெட்ராய்ட் ஏமாந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது குறுவை, கிடைத்ததும் குறுவை.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடுதுறை 36 போட்டால் 110 நாளில் கதிர் அறுக்கலாம். சி.ஆர். 1009 போட்டால் 150 நாளைத் தாண்டும். எது நல்ல நெல் என்று யாராவது கேட்பார்களா? எந்தப் பட்டம், எவ்வளவு தண்ணி என்றுதான் கேட்பார்கள். 2025இல் சென்னை 14 ஆட்டங்களில் நாலுதான் ஜெயித்தது. முதன்முறையாகக் கடைசி இடம். அப்படிப்பட்ட அணி குறுவைக்கு ஆசைப்படக் கூடாது. சம்பாவுக்கு விதை வாங்கியது நியாயம்தான். ஆடும் 11 பேரில் வெளிநாட்டுக்காரர் நாலு பேருக்குத்தான் இடம் என்பதும் பதிரணாவுக்கு எதிராகவே நின்றது.

இன்னொன்று. எஸ்.ஓ.எம். லேபில் யூ.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்துப் பார்க்கிறோம். ஒரேயடியாக இழுத்தால் தாங்குகிற கம்பி, குறைந்த பாரத்தையே லட்சம் தடவை போட்டால் அறுந்துபோகும். அதுதான் ஃபட்டீக். வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்பும் அப்படித்தான். முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம், ஒவ்வொரு பந்துக்கும். இளவயதில் எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. ஆகவே இளம் பந்துவீச்சாளருக்குப் பெரிய விலை கொடுப்பது எப்போதுமே கத்தி மேல் நடப்பதுதான்.

ஆனால் ஒரு சந்தேகம் போகவில்லை. விதைநெல்லுக்கு நாம் சோதனை வைத்திருக்கிறோம். முட்டை மிதக்கிற அளவு உப்புக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும். 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து 80 முளைத்தால் அந்த மூட்டை தேறும். கம்பியிலும் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு மீதியை நம்பலாம். மனுஷனில் அது முடியாது. ஒவ்வொருத்தனும் ஒரே ஒரு பீஸ். ஆட விட்டுத்தான் பார்க்கணும்.

என் வீட்டிலேயே இப்படி ஒரு வியாபாரம் நடந்தது. நான் இங்கே சேர, தினம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய இரண்டு கறவை மாட்டை விற்றார்கள். "கறக்கிற மாட்டை வித்துட்டு, என்னாகும்னே தெரியாத புள்ளைய நம்புறியே?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா சொன்ன பதில்: "மாடு எவ்வளவு கறக்கும்னு எனக்குத் தெரியும்டா. இவன் எவ்வளவு கறப்பான்னு தெரியாது. அதனாலதான் வித்தேன்." எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா எதை எடை போட்டார் என்பது இந்த ஏலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அதனால் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன். 2017இல் பஞ்சாப் அவரை ரூ. 3 கோடிக்கு வாங்கியது. ஒரே சீசன், இரண்டே விக்கெட், விட்டுவிட்டது. 2018இல் ஹைதராபாத் ரூ. 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு வருஷம் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. 2020இல் அவர் 16 விக்கெட் எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். ரூ. 3 கோடி கொடுத்தவர்களுக்குப் பொறுமை இல்லை. ரூ. 40 லட்சம் கொடுத்தவர்களுக்கு இருந்தது.

இங்கேதான் எனக்குப் பயம். ரூ. 14.20 கோடி விலைச்சீட்டை ஒட்டிவிட்டால், சம்பா விதையைப் போட்டுவிட்டு 110ஆம் நாளே அரிவாளோடு வயலில் நிற்பார்கள். நாலு ஆட்டத்தில் ரன் வரவில்லை என்றால் நாமேதான் டி.வி. முன்னால் உட்கார்ந்து திட்டுவோம். பதிரணாவை விட்டது சரி, விதை வாங்கியதும் சரி. ஆனால் விதையின் உண்மையான விலை ஏலத்தில் கொடுக்கிற பணம் அல்ல, காத்திருக்கிற காலம்! அந்தக் காலத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தால் இது லாபமான வியாபாரம். இல்லையென்றால் விதைநெல்லைப் பொங்கித் தின்ற கதைதான்.

நண்பர்களே! கேம்பஸ் இண்டர்வியூவில் நம்மையும் இப்படித்தான் தராசில் வைக்கப் போகிறார்கள். ஒரு இண்டர்வியூவில் தேறவில்லை என்றால் பதர் என்று அர்த்தமில்லை. நடராஜனையும் ஒரு அணி விட்டது. நமக்கு யார் விலை வைத்தாலும், வைக்காவிட்டாலும், முளைக்க வேண்டியது நம் வேலை.